மறு ஒளிபரப்பும் மூலபாடமும்

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைத்தில. எனினும் அவற்றின் எண்கள் பதிப்புகளில் தத்தம் இடத்தில் நிற்கின்றன. இழப்புண்மையை நூலே கற்பார்க்கு அறிவித்துவிடுகின்றது. பழந்திரைப்படங்களைத் தொலைக்காட்சியார் குறைத்து மறு ஒளிபரப்புச் செய்யுங்கால் இவ்வறிவிப்பு இல்லை. ஈண்டு யாம் ஆராயப் புகுந்த குறை இதுவே.

குறைப்பின் காரணம் எளிது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் விளம்பரத்திற்கு வகுத்த வரம்பு மணிக்கு 12 நிமிடம். அவ்வரம்பு பேணப்படினும், மூன்று மணிப்பொழுதில் படத்திற்கு எஞ்சுவன 144 நிமிடங்களே. மூன்று மணி ஓடும் படம் அதனுள் அடங்காது. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை வந்த 'ஸ்டார் டிரெக்' தொடரின் பகுதிகளும், ஏறத்தாழ 50 நிமிட அளவின, பின்னர்ப் பிற நிலையங்களுக்கு விற்கப்பட்டபோது இவ்வாறே சில நிமிடங்களை இழந்தன.

நம் படங்களில் கத்திக்கு முதலில் இரையாவன பாடல்கள். கதை நகரப் பாடல் வேண்டா என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் கோவையில் உருவான ஒரு படங்கொண்டே காட்டலாம். காந்திபுரத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள சிங்காநல்லூரின் சென்டிரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்று 1944இல் வெளிவந்தது 'ஹரிதாஸ்'. போர்க்காலக் கச்சாப்படத் தட்டுப்பாட்டால் படத்தின் நீளம் 11,000 அடிக்கு மிகலாகாது என அரசு வரையறுத்திருந்த காலம் அது. நிமிடத்திற்கு 90 அடி எனக் கொள்ளின், இரண்டு மணியைச் சற்றே கடக்கும் அளவு. ஆக்கியோரே அளந்து சுருக்கிய படத்தில் மிகையென ஒதுக்கத் தக்கது யாது?

அப்படத்தில் தியாகராஜ பாகவதரும் டி. ஆர். ராஜகுமாரியும் தோன்றும் காதற்பாட்டு யாவரும் அறிந்தது. அதனை எவரும் வெட்டார். பெற்றோரைத் துரத்திய மகன் மனந்திரும்பியபின் பாடும் பாட்டுகளோ அத்துணைப் புகழ் பெற்றில. நேரங்கருதி இவற்றுள் ஒன்று நீங்கினும், மயக்கம் முழுதாகவும் திருந்துதல் அரைகுறையாகவும் நிற்கும். பாபநாசம் சிவன் பாட்டில் வைத்த மாற்றத்தை உரையாடலில் தேடுவார்க்கு அது கிட்டாது. புகழ் நோக்கிக் கொள்வதும் தள்ளுவதும் தொகை நூலார்க்குப் பொருந்தலாம், கதைநூலுக்குப் பொருந்தாது.

இதனால் விளையும் இடர் நம் துறைக்கே உரியது. நிலையத்தின் முத்திரை மூலையில் பதிந்த ஒளிபரப்புப் படியையே மூலமெனக் கொண்டு ஆய்வேடு எழுதும் மாணவர், "இப்படத்தில் இத்தனை பாடல்கள்" என்று எண்ணிக் கூறின், அவ்வெண் வெட்டியவர் தந்த எண்ணாகவும் இருக்கலாம். ஏட்டுச்சுவடியாயின் பிறபடியோடு ஒப்பு நோக்காமல் எவரும் முடிபு கூறார். திரைப்படத்திற்கும் ஒப்பு நோக்கக் கருவிகள் உள. தணிக்கைச் சான்றிதழ் படத்தின் நீளத்தைக் குறிக்கும். கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகம், கதைச் சுருக்கத்தோடு பாடல்களையும் வரிசையாகத் தரும். பழைய தாள் என்று வீட்டார் கழித்துவிடும் அச்சிறு புத்தகத்தில் உள்ள பாட்டு, காணும் படியில் இல்லையாயின், அவ்விடத்தை ஆய்வேட்டில் எண்ணிட்டு வெறுமையாக விடுதல் வேண்டும்.