பக்கத்தில் ஆளில்லாத வயலின்

தனிவகுப்பை ஆதரிப்பவர்கள் அண்மைக்காலமாக ஒரு வாதத்தைத் தவறாமல் சொல்கிறார்கள். பழைய குருகுலத்தின் இன்றைய வடிவம்தான் இது. ஒரு குரு, ஒரு சீடர், நடுவில் வேறு யாரும் இல்லை. இதைவிடச் சுத்தமான கல்வி ஏது என்கிறார்கள். தென்காசியிலும் இலஞ்சியிலும் மேலகரத்திலும் குற்றாலத்திலும் பிள்ளைகளை வயலினுக்கு அனுப்பும் பெற்றோர் பலர் இதை நம்புகிறார்கள். “எங்க பிள்ளைக்குன்னே தனியா பாடம் எடுக்காங்க” என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு நிறைவு இருக்கிறது. எனக்கு இதில் பல வருடமாகவே உடன்பாடு இல்லை. தனிவகுப்பைக் குருகுலத்தின் பெயரால் நியாயப்படுத்தத் தொடங்கிய பிறகு பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

தனிவகுப்பின் நன்மைகளை மறுக்கவில்லை. வயலினில் முதல் ஆறு மாதம் கையைப் பார்க்க ஒரு கண் வேண்டும். வில்லைப் பிடிக்கும் கட்டைவிரல் விறைத்துக்கொண்டால் அன்றைக்கே திருத்த வேண்டும். இருபது பேர் நடுவில் அது கண்ணில் படாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை அளவு வயலினா, முக்கால் அளவா என்பதை அந்தக் கையை அறிந்தவர்தான் சொல்ல முடியும். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் நம் பக்கத்தில் பிரடை ஊறி இறுகும், வில்லின் மயிர் தளரும்; அதற்கு வழி சொல்லவும் உள்ளூர் ஆசிரியர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய குருவின் வாசலில் பிறப்பைக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கட்டணம் கட்டிக் கற்கிறார்கள். அது சிறிய காரியமில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே மேலே போகிறேன்.

குருகுலத்தில் சீடன் தனியாக இருந்தானா? திண்ணையில் ஒருவன் வர்ணம் சாதகம் செய்துகொண்டிருப்பான். உள்ளே இன்னொருவனுக்குப் பாடம் நடக்கும். மாலையில் மிருதங்கக்காரர் வந்து உட்காருவார். தன் முறை வராத நேரத்திலும் பிள்ளையின் காதுக்கு வேலை இருந்தது. கேள்வி ஞானம் வளர்ந்தது அந்த நேரத்தில்தான். குரு எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த வீட்டையே கழித்துவிட்டுக் குருகுலம் என்று பெயர் வைப்பது தவறு.

நம் பக்கத்து உதாரணமே போதும். திருநெல்வேலி–தென்காசி ரயில் நின்று போகும் காருகுறிச்சி, அருணாசலத்தின் ஊர். 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அந்த நாதஸ்வர மேதை, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவோடு மேடையேறி இரண்டாம் நாதஸ்வரம் வாசித்து வளர்ந்தவர். இரண்டாம் நாதஸ்வரக்காரர் அடுத்து என்ன வரும் என்று தெரியாமலே தொடர வேண்டும். பெரியவர் ஒரு பிடியை எடுத்தால் அதைத் தாங்க வேண்டும், விட்டால் விட வேண்டும். அருணாசலத்தின் அளவையும் வேகத்தையும் பார்த்து யாரும் பாடத்தைக் குறைத்துக் கொடுக்கவில்லை. ராஜரத்தினத்தின் வேகத்துக்கு அவர்தான் ஏறிப்போனார்.

வயலினிலும் இதே கதைதான். லால்குடி ஜெயராமன் தம் தந்தை வி.ஆர். கோபால ஐயரிடம் கற்றவர். பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடைக்கு வந்துவிட்டார். டி.என். கிருஷ்ணனும் தந்தை ஏ. நாராயண ஐயரிடம் தொடங்கி, சிறுவயதிலேயே பெரிய பாடகர்களுக்கு வாசித்து வளர்ந்தவர். இருவருக்கும் வீட்டில் தனிப்பாடம் நடந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கு ஒரு திசை இருந்தது. அது இன்னொருவரின் குரலை நோக்கிப் போயிற்று.

இங்கே ஒரு மறுப்பு வரும். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்ததே தனிப்பாடம் வழியாகத்தானே என்று கேட்பார்கள். உண்மை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், மணலி ஜமீன்தாரின் ஆதரவில், ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாக நம் தென்சீமைக்கே வந்து சேர்ந்தார். ஆனால் வயலினைக் கையில் எடுக்கும்போது அவர் யார்? ராமசாமி தீட்சிதரின் மகன். மூன்று சகோதரர்களும் பாடும் வீட்டில் வளர்ந்தவர். ஐரோப்பியர் தந்தது விரலையும் வில்லையும் மட்டுமே. சங்கீதத்தைப் பாலுசாமி தம் வீட்டிலிருந்தே கொண்டுபோனார். அந்தக் காது இல்லாத ஒரு பிள்ளைக்கு அதே பாடத்தைக் கொடுத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்கிறோம்.

பக்கவாத்தியம் கேட்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்நாடக சங்கீதத்தில் வயலினின் பெரும்பகுதி வாழ்க்கை அங்கேதான். பாடுகிறவர் ஆலாபனையில் ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் அதன் நிழலை வயலினில் பிடிக்க வேண்டும். முந்தினால் அவரை இழுப்பதாகும், பிந்தினால் சபைக்கு ஓட்டை தெரியும். கற்பனை ஸ்வரத்தில் அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து, அதே அளவில் பதில் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீர்த்தனையின் பாடாந்தரம் தான் கற்றதிலிருந்து வேறாக இருந்தால் அந்த நிமிடமே தன்னுடையதை மறந்து அவருடையதை வாசிக்க வேண்டும். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கும் ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கும் தந்தியின் இறுக்கமே மாறும். வில்லின் அழுத்தமும் விரலின் எடையும் அதோடு மாற வேண்டும். வயலினில் வீணைபோல் விரலுக்கு இடம் காட்டும் மெட்டு எதுவும் இல்லை. சுருதி நிற்பது காதில் மட்டும். இதில் எதை ஆசிரியர் எதிரே உட்கார்ந்து தனியாகச் சொல்லித்தர முடியும்? பாடுகிற ஒரு ஆள் வேண்டும். தாளம் போடுகிற ஒரு ஆள் வேண்டும். எதிர்பாராதது நடக்க வேண்டும்.

அளவெடுத்துத் தைத்த பாடத்தில் எதிர்பாராதது நடக்காது. அந்தப் பாடத்தின் நோக்கமே அதைத் தவிர்ப்பதுதான். பிள்ளைக்கு ஜண்டை வரிசை அலுப்பாக இருந்தால் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாம் காலம் வரவில்லையென்றால் இரண்டாம் காலத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த சுருதி, பிடித்த ராகம், பிடித்த வேகம். இரண்டு வருடம் இப்படிப் போனால் பிள்ளை நன்றாக வாசிக்கிறது என்றே தோன்றும். பெற்றோர் கைப்பேசியில் பதிவுசெய்து உறவினருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் பாடும் ஒரு பெண்ணை உட்காரவைத்து, ஒரு சாதாரண மோகன வர்ணத்தைச் சேர்ந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பாடுகிறவர் மூச்சுக்காக அரை அட்சரம் நின்றால் வில் நிற்காது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை யாரையும் கேட்டுப் பழகவில்லை. தன்னை ஆசிரியர் கேட்பார் என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

சினிமாப் பாட்டு வாசிப்பதை நான் குறை சொல்லவில்லை. இளையராஜாவின் வயலின் பகுதிகளை வாசிக்க ஆசைப்படாத பிள்ளை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பகுதிகள் பல வயலின்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வில் இழுப்பதற்காக எழுதப்பட்டவை. 1986-இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் தனித்துக் கேட்கும் இடத்திலும், அதைத் தாங்குவது சுற்றியுள்ள தந்திகளே. நம் பிள்ளைகள் அந்தச் சங்கீதத்தை வாசிப்பது கரோக்கி டிராக்கை ஓடவிட்டுக்கொண்டுதான். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது, பிள்ளை பிசகினால் தாங்காது, நன்றாக வாசித்தால் உற்சாகமும் அடையாது. கூட்டு வாசிப்பு என்ற பெயரில் பழகுவது தன்னைக் கேட்காத ஒன்றோடு.

வயோலாவுக்கு வந்தால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. வயலினைவிட ஒரு பஞ்சம அளவு கீழே சுருதி சேர்க்கும் இந்த வாத்தியத்தை பாலமுரளிகிருஷ்ணா எடுத்து வாசித்தார். கர்நாடக சங்கீதத்தில் அதற்கு இடமுண்டு என்று காட்டினார். ஆனால் வயோலாவின் பெரும்பாலான சங்கீதம் மேல்நாட்டு நால்வர் குழுவிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் இருக்கிறது. அங்கே அதற்குக் கொடுக்கப்பட்டது நடுக்குரல். மேலே வயலின் பாட, கீழே செல்லோ நிற்க, இரண்டையும் இணைத்து நிரப்பும் வேலை. அந்தப் பகுதியை மட்டும் தனியாக வாசித்தால் பாதி இடங்களில் ஒன்றுமே புரியாது. தனிவகுப்பில் வயோலா கற்கும் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன செய்வார்? வயலின் பாட்டுகளையே கீழே இறக்கி வாசிக்கவைப்பார். பிள்ளை வயோலாவைப் பிடித்திருக்கும், வயோலாவைக் கற்றிருக்காது.

மேல்நாட்டில் தனிப்பாடம்தானே வழக்கம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் வயலின் ஆசிரியர் லியோபோல்ட் ஆவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹைஃபெட்ஸுக்கும் எல்மனுக்கும் பாடம் நடத்தியது மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பில். ஷினிச்சி சுசூகி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் மாட்சுமோட்டோவில் தொடங்கிய முறையில் தனிப்பாடமும் உண்டு, அதோடு கூட்டு வகுப்பும் உண்டு. குழந்தை வில்லை எடுக்கும் முன்பே பிறர் வாசிப்பதைக் கேட்கவேண்டும் என்பது அவர் வைத்த விதி. நம் ஊரில் பிள்ளைகள் எழுதும் கிரேடு தேர்வுகளுக்கான வயலின் பாடங்களும் பெரும்பாலும் பியானோத் துணையோடு வாசிக்க எழுதப்பட்டவையே. இந்த முறைகளில் நாம் எடுத்துக்கொண்டது தனிப்பாடத்தை மட்டும். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் பாதியை எளிதாக விட்டுவிட்டோம்.

திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குறைகள் இருக்கலாம். தென்காசியிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருவது பள்ளிப் பிள்ளைக்கு ஆகாது. ஆனாலும் குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் நடக்கும் அந்த இடத்தில், வயலின் பிள்ளைக்குப் பக்கத்து அறைச் சத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் மிகச் சிறந்த தனிவகுப்பிலும் அது கிடைக்காது. ஆசிரியர் திரையில் இருக்கும் ஆன்லைன் வகுப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசிப்பதே சாத்தியமில்லை. சத்தம் பிந்தி வந்து சேரும். அங்கே பிள்ளை வாசிக்கும், ஆசிரியர் கேட்பார், பிறகு ஆசிரியர் வாசிப்பார், பிள்ளை கேட்கும். சேர்ந்து ஒலிக்கும் அனுபவம் ஒரு நொடிகூட இல்லை. இப்படி மட்டுமே கற்று வந்த ஒருவரை வயலின் வித்துவான் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் குற்றாலம். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பாடலைச் சொல்ல மற்றவர் வாங்கி அனுபவிப்பதையே ஒரு கல்விமுறையாக நடத்திக் காட்டியவர் அவர். கவிதையைக்கூடத் தனியாகப் படித்து முடிக்க அவருக்குச் சம்மதமில்லை. அந்த ஊரில் இன்று வயலினைத் தனியறையில் வைத்துக் கற்கிறோம். சாரல் விழாவில் பிள்ளைகள் மேடையேறினால் அதற்கும் டிராக் போடுகிறார்கள்.

இப்படித் தனியாகவே கற்பிப்பதற்குக் காரணம் ஆசிரியர்களின் அறியாமை அல்ல. அவர்களில் பலர் கூட்டத்தில் கேட்டுக் கற்றவர்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து நாள் தனித்தனியாகப் பாடம் எடுப்பவர், மாதத்தில் இரண்டு முறை அவர்களை ஒன்றாக உட்காரவைத்து, பாட்டு கற்கும் ஒரு பிள்ளையையும் மிருதங்கம் கற்கும் ஒரு பையனையும் நடுவில் வைத்து வாசிக்கச் செய்ய முடியும். பாதிப் பேருக்கு அன்றைக்கு வயலினைத் தொடவே வாய்ப்பு வராது. கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டைச் சொன்னதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, அன்றைக்குக் கட்டணம் குறையுமா என்பது. தன் பிள்ளை வில்லெடுத்த நிமிடங்களை எண்ணிப் பணம் கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் துணிய மாட்டார். பிள்ளை சும்மா உட்கார்ந்து இன்னொருவரைக் கேட்ட அந்த மணி நேரத்துக்கும் பெற்றோர் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அதைக் கூசாமல் கேட்டு வாங்க வேண்டும்.