அறிவியல் புனைகதைப் படங்களுக்கு மறுஆக்கம் தேவையா? ஒரே கதையின் நான்கு வடிவங்கள்

ரீமேக் என்று பரவலாகச் சொல்லப்படும் மறுஆக்கம் திரைத்துறைக்குப் புதிதன்று. ஆனால் அறிவியல் புனைகதைப் படங்களை மறுஆக்கம் செய்யும்போது ஒரு தனிக் கேள்வி எழுகிறது. குடும்பக் கதையோ காதல் கதையோ ஐம்பது ஆண்டுகளில் அவ்வளவாகப் பழையதாகிவிடுவதில்லை. அறிவியல் புனைகதையில் வரும் அட்டை விண்கலமும் ரப்பர் உடை அணிந்த வேற்றுக்கோள் உயிரும் சில ஆண்டுகளிலேயே சிரிப்பை வரவழைத்துவிடுகின்றன. ஆகவே, தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, இப்போது எடுத்தால் இன்னும் நன்றாக வரும் என்பதே மறுஆக்கத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

அந்தக் காரணம் மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பழைய படம் ஒன்று சொல்லத் தொடங்கி, ஏதோ ஒரு தடையால் முழுமையாகச் சொல்லாமல் விட்ட பாக்கி இருக்கலாம். அந்தப் பாக்கியைத் தீர்க்கும் மறுஆக்கமே பயனுள்ளது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு உள்ளது. ஹாலிவுட்டில் ஒரே கதை நான்கு முறை, நான்கு இயக்குநர்களால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் படமாகியிருக்கிறது.

மூலக்கதை

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் ஃபின்னி எழுதிய 'தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 1954இல் கோலியர்ஸ் இதழில் தொடராக வந்து, 1955இல் நாவலாக வெளியானது. கதை எளிமையானது. விண்வெளியிலிருந்து வந்த விதைகள் பெரிய விதைக்கூடுகளாக வளர்கின்றன. மனிதர்கள் உறங்கும்போது அந்தக் கூடுகளிலிருந்து அவர்களைப் போலவே உருவங்கள் தோன்றி, அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முகம், குரல், நினைவு எல்லாம் அதேதான். உணர்ச்சி மட்டும் இருக்காது. நாவலின் முடிவில் மனிதர்களின் எதிர்ப்பைக் கண்டு அந்த விதைக்கூடுகள் பூமியைவிட்டு வெளியேறிவிடுகின்றன.

1956: முடிக்க விடப்படாத படம்

டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' சுமார் 80 நிமிடமே ஓடும் கருப்பு வெள்ளைப் படம். சாண்டா மிரா என்ற கற்பனைச் சிற்றூரில் மருத்துவராக இருக்கும் மைல்ஸ் பென்னலிடம் (நடிப்பு: கெவின் மெக்கார்த்தி) ஊர்க்காரர்கள் ஒரு விசித்திரமான புகாருடன் வருகிறார்கள். ஒரு சிறுவன் தன் தாயைத் தன் தாயே இல்லை என்கிறான். ஒரு பெண் தன் சித்தப்பாவைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இவர் அவரல்லர் என்கிறாள்.

இதில் செலவு பிடிக்கும் காட்சி என்று எதுவும் இல்லை. பழகிய முகம் அந்நியமாகிப் போவதே இங்கு அச்சம். அது கம்யூனிசம் பற்றிய அமெரிக்க அச்சமா, அல்லது கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிப்பதாகச் சொல்லி எல்லோரையும் ஒரே குரலில் பேசவைத்த அக்காலச் சூழல் பற்றிய அச்சமா என்று விமர்சகர்கள் இன்றுவரை விவாதிக்கின்றனர். இரண்டுக்கும் இடம் கொடுப்பதுதான் படத்தின் வலிமை.

படத்தின் முடிவு இக்கட்டுரைக்கு முக்கியமானது. நெடுஞ்சாலையில் விரையும் கார்களுக்கு நடுவே, யாரும் நம்பாத ஒரு மனிதன் எச்சரித்துக் கூச்சலிடுவதோடு படம் முடிய வேண்டும் என்பதே சீகலின் திட்டம். தயாரிப்பு நிறுவனம் அதை ஏற்கவில்லை. மருத்துவமனையில் மைல்ஸ் தன் கதையைச் சொல்வதாக ஒரு தொடக்கமும், அதிகாரிகள் அவரை நம்பி நடவடிக்கை எடுப்பதாக ஒரு முடிவும் சேர்க்கப்பட்டன. அச்சம் இப்படி அதிகாரிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டு, பார்வையாளர் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதுவே அந்தப் படத்தின் பாக்கி.

1978: பாக்கி தீர்ந்தது

பிலிப் காஃப்மன் இயக்கிய மறுஆக்கம் கதையைச் சிற்றூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் கொண்டுபோனது. இது வெறும் இடமாற்றம் அன்று. சிற்றூரில் ஒருவர் மாறிவிட்டால் உடனே தெரிந்துவிடும். நகரத்திலோ பக்கத்து வீட்டுக்காரர் நேற்று எப்படி இருந்தார் என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே 1956இல் இருந்த கேள்வி இங்கே கூர்மையாகிறது. ஏற்கெனவே ஒருவரையொருவர் பார்க்காமல் நடக்கும் கூட்டத்தில், மனிதர் யார், போலி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லெனார்ட் நிமாய் ஏற்ற மனநல மருத்துவர் பாத்திரம் இன்னொரு நல்ல சேர்க்கை. மக்களுக்குத் தன்னம்பிக்கை நூல்கள் எழுதும் இவர், கணவன் மாறிவிட்டான் என்று அஞ்சும் பெண்ணிடம் அது உறவுச் சிக்கல் என்று இதமாக விளக்கம் சொல்கிறார். அச்சத்தை அடக்குவதற்குக் காவல்துறை வேண்டியதில்லை, ஆறுதல் பேச்சே போதும் என்பதை அந்தப் பாத்திரம் காட்டுகிறது.

மூலப்படத்தின் கெவின் மெக்கார்த்தி இதில் ஒரு சிறு காட்சியில், தெருவில் கார்களின் நடுவே கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவருகிறார். சீகலும் வாடகைக் கார் ஓட்டுநராகத் தோன்றுகிறார். 1956இல் நெடுஞ்சாலையில் நிறுத்தப்பட்ட ஓட்டம் 22 ஆண்டுகள் கழித்தும் தொடர்வதுபோல் அக்காட்சி அமைந்திருக்கிறது. முடிவில் டொனால்ட் சதர்லேண்ட் வாய் பிளந்து கைநீட்டி எழுப்பும் அந்த ஓலத்துக்குப் பிறகு ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை. சீகலுக்கு மறுக்கப்பட்ட முடிவைவிடவும் கடுமையான முடிவு இது.

1993: ஒரே மாதிரி ஓவியங்கள்

ஏபல் ஃபெராரா இயக்கிய 'பாடி ஸ்னாட்சர்ஸ்' அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு இராணுவ முகாமில் நடக்கிறது. எல்லோரும் ஒரே சீருடையில், ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படியும் இடம் அது. அங்கே ஒருவர் உணர்ச்சியற்றவராக மாறினால் அவர் நல்ல படைவீரராகத்தான் தெரிவார்.

இப்படத்தின் ஒரு சிறு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை எல்லோரையும் தாங்கள் வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். எல்லாக் குழந்தைகளின் கையிலும் ஒரே படம். புதிதாக வந்த சிறுவன் ஆண்டியின் கையில் மட்டும் வேறு படம். எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். இரத்தமும் இல்லை, வேற்றுக்கோள் உயிரும் இல்லை.

பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவருக்கு இக்காட்சி எளிதில் கடந்துபோகக்கூடியதன்று. நாற்பது விடைத்தாளிலும் ஒரே விடை, அதே வரிசையில், அதே சொற்களில் இருந்தபோது, பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவர். வேறுமாதிரி எழுதிய ஒரு மாணவனின் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டதும் நினைவிருக்கிறது. அந்தக் காப்பக ஆசிரியையின் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை, திருப்திதான் இருந்தது. சிறிதளவே பேசப்பட்ட இந்த மூன்றாவது படத்தை, இந்த ஒரு காட்சிக்காகவே, தேவையான மறுஆக்கம் என்று நான் சொல்வேன். முந்தைய இரண்டு படங்களும் பெரியவர்கள் மாற்றப்படுவதைத்தான் முதன்மையாகக் காட்டின. பிள்ளைகளை அப்படி மாற்ற விதைக்கூடு தேவையா என்ற கேள்வியை இப்படம் கேட்டது.

2007: கேள்விக்கு ஊசி போட்ட படம்

நிக்கோல் கிட்மனும் டேனியல் கிரெய்க்கும் நடித்த 'தி இன்வேஷன்' நான்காவது வடிவம். ஹிட்லரின் இறுதி நாள்களைப் பற்றிய 'டவுன்ஃபால்' படத்தை எடுத்த ஆலிவர் ஹிர்ஷ்பீகல் இதன் இயக்குநர். விதைக்கூடுகள் இதில் இல்லை. விபத்துக்குள்ளான விண்வெளி ஓடத்தின் சிதறல்களில் ஒட்டிவந்த நுண்கிருமி, உறங்குபவர்களை மாற்றிவிடுகிறது.

ஒரு வகையில் நான்கு படங்களிலும் மிகத் துணிவான எண்ணம் இதில்தான் உள்ளது. மனிதர்கள் மாற மாற, தொலைக்காட்சிச் செய்திகளில் போர்கள் ஓய்ந்து நாடுகள் சமாதானமாகின்றன. உணர்ச்சி இழந்த அமைதி வேண்டுமா, உணர்ச்சியோடு வரும் வன்முறை வேண்டுமா? முந்தைய படங்கள் எதுவும் இதை இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

ஆனால் தயாரிப்பு நிறுவனம் படத்தின் சில பகுதிகளை வேறொருவரைக் கொண்டு மீண்டும் எடுக்கவைத்தது. வந்து சேர்ந்த படத்தில் கார் துரத்தலும், நோய் எதிர்ப்புள்ள ஒரு சிறுவனும், அவன்மூலம் கிடைக்கும் மருந்தும் உள்ளன. ஊசி போட்டதும் எல்லோரும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இறுதியில் அந்தக் கேள்வி ஒருமுறை நினைவூட்டப்படுகிறது என்றாலும், அதற்குள் அதன் எடை போய்விட்டது. 1956இல் மருத்துவமனைக் காட்சி செய்த அதே வேலையை 2007இல் தடுப்பு மருந்து செய்தது. மறுஆக்கம் பழைய பாக்கியைத் தீர்க்காததோடு புதிதாக ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டது.

வேறு சில எடுத்துக்காட்டுகள்

இந்த அளவுகோல் ஒரு கதைக்கு மட்டும் பொருந்துவதன்று. ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938இல் எழுதிய குறுநாவலில், அண்டார்க்டிக்காவில் கண்டெடுக்கப்பட்ட உயிர் எந்த மனிதரின் உருவத்தையும் எடுக்கும். 1951இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' இதைக் கைவிட்டு, தாவரத் தன்மை கொண்ட ஒரு பூதத்தைத் துரத்தும் கதையாக்கியது. அப்படியொரு பூதத்தை எல்லோரும் ஒன்றுகூடி எரித்துவிடலாம். 1982இல் ஜான் கார்ப்பென்டர் தம் 'தி திங்' படத்தில் மூலக்கதைக்குத் திரும்பினார். பன்னிரண்டு பேரில் யார் மனிதர் என்று தெரியாத நிலையில் ஒன்றுகூடுவதே இயலாததாகிறது. வெளிவந்தபோது ஓடாத அப்படம் பிற்காலத்தில்தான் மதிக்கப்பட்டது. அதற்கு முன்கதையாக 2011இல் அதே பெயரில் வந்த படம், கையால் செய்த உருவங்களைக்கூடக் கணினி வரைகலையால் மூடிமறைத்தது. அதனால் சேர்ந்த புதுப்பொருள் எதுவும் இல்லை.

'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' இதற்கு நேர்மாறான பாடம். ராபர்ட் வைஸின் 1951ஆம் ஆண்டுப் படத்தில், வேற்றுக்கோளிலிருந்து வந்த கிளாட்டு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். போரைக் கைவிடுவதா அழிவதா என்ற முடிவு மனிதரிடமே விடப்படுகிறது. இங்கே பாக்கி எதுவும் இல்லை. 2008ஆம் ஆண்டு மறுஆக்கம் அணுப்போருக்குப் பதில் சுற்றுச்சூழல் சீரழிவைக் கொண்டுவந்தது. காலத்துக்கேற்ற மாற்றம்தான். ஆனால் கடைசியில் கிளாட்டுவே அழிவைத் தடுத்து நிறுத்திவிடுகிறார். உலகம் மின்சாரத்தை இழந்து நின்றாலும், முடிவெடுக்கும் பொறுப்பு பார்வையாளரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. காலத்துக்கேற்ற செய்தியைச் செருகினால் மட்டும் மறுஆக்கம் உயிர்பெறாது என்பதற்கு இதுவே சான்று.

மதிப்பீடு

மறுஆக்கங்களை ஒட்டுமொத்தமாக வெறுப்பதும் தவறு, புதியது என்பதற்காகவே வரவேற்பதும் தவறு. பெயர் தெரிந்த படத்துக்குக் கூட்டம் வரும் என்ற வணிகக் கணக்கில்தான் பெரும்பாலான மறுஆக்கங்கள் பிறக்கின்றன. 1978ஆம் ஆண்டுப் படமும் அந்தக் கணக்குக்கு விலக்கானதன்று. ஆயினும் அதை எடுத்தவர்கள், முந்தைய படம் எந்த இடத்தில் வாய் மூடப்பட்டதோ அந்த இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்கள்.

மாணவர்கள் இப்படங்களை ஒப்பிட விரும்பினால், பழையதை முதலில் பார்ப்பது நல்லது. புதியதைப் பார்த்துவிட்டுப் பழையதற்குப் போனால், கண் அட்டையையும் ரப்பரையும் மட்டுமே காணும். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளலாம். பழைய படம் எந்த இடத்தில் பின்வாங்கியது? புதிய படம் அந்த இடத்தில் என்ன செய்தது? படம் முடிந்தபோது சிக்கல் யார் கையில் இருந்தது, அதிகாரிகள் கையிலா, மருந்துப் புட்டியிலா, நம்மிடமா? விடைகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையின் முடிவுகளோடு அவை மாறுபட்டாலும் நல்லதே.