எனி அதர் சிட்டி

எனி அதர் சிட்டி (2001) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த லைஃப் விதவுட் பில்டிங்ஸ் என்ற இண்டி ராக் இசைக்குழுவின் ஒரே ஸ்டூடியோ ஆல்பம். பத்துப் பாடல்கள் கொண்டது. டக்போட் நிறுவனம் வெளியிட்டது. பாடுவதற்கும் பேசுவதற்கும் இடைப்பட்ட குரல்முறைக்காகக் கவனிக்கப்படுகிறது.

பின்னணி

குழு 1999-ல் உருவானது. சூ டாம்ப்கின்ஸ் (குரல்), ராபர்ட் ஜான்ஸ்டன் (கிடார்), கிறிஸ் எவன்ஸ் (பேஸ் கிடார்), வில் பிராட்லி (டிரம்ஸ்) ஆகிய நால்வரும் இதில் இருந்தனர். கிளாஸ்கோ கலைப்பள்ளியைச் சுற்றி இயங்கிய கலைஞர்களின் வட்டத்திலிருந்து குழு தோன்றியது. ஜப்பான் என்னும் இங்கிலாந்து இசைக்குழுவின் பாடலொன்றிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது. 2002-ல் குழு கலைந்தது. டாம்ப்கின்ஸ் காட்சிக்கலைக்குத் திரும்பினார். தட்டச்சுப் பொறியில் அடித்த சொற்களைக் கொண்டு அவர் உருவாக்கும் படைப்புகள் அறியப்பட்டவை.

குரலும் சொல்லும்

டாம்ப்கின்ஸ் கதை சொல்வதில்லை. ஒரு சிறு சொற்றொடரை எடுத்து, திரும்பச் சொல்லி, நடுவில் உடைத்து, சில சமயம் எழுத்துகளாகவே பிரித்து வைக்கிறார். பல பாடல்களில் வழக்கமான பல்லவி இல்லை. மீண்டும் வரும் சொல்லே பல்லவியின் வேலையைச் செய்கிறது.

வெளிவந்த காலத்தில் இக்குரல் கேட்டவர்களை இரண்டாகப் பிரித்தது. குழந்தையின் உளறல் போலிருக்கிறது என்பது எதிர்த்தரப்பின் குறை. அக்குறை முழுக்கப் பொருந்தாது. தமிழில் 'வா வா வா' என்று அடுக்கிச் சொன்னால் பொருள் கூடுவதில்லை. அவசரமோ மகிழ்ச்சியோ அச்சமோ வெளிப்படுகிறது. டாம்ப்கின்ஸின் அடுக்கும் அவ்வகையானது. 'த லீன்ஓவர்' பாடலில் ஒரே சொல் முதலில் தயக்கமாகவும் பின்னர் உற்சாகமாகவும் கேட்கிறது. சொல் மாறவில்லை, சொல்பவரின் மனநிலை மாறுகிறது. காதலைப் பற்றிப் பேசாமல் காதல்வயப்பட்டவரின் தடுமாற்றத்தைக் கேட்கவைக்கிறது இப்பாடல்.

இசை

இக்குரலுக்கு இடம் கொடுப்பது மற்ற மூவரின் கட்டுப்பாடு. ஜான்ஸ்டனின் கிடார் தெளிவான, மெல்லிய இழைகளாக ஒலிக்கிறது. அதில் இரைச்சல் குறைவு. பேஸும் டிரம்ஸும் சீராகச் செல்கின்றன. தாளம் நிலையாக இருப்பதால்தான் குரல் அதிலிருந்து விலகி, முந்தி, பிந்தி விளையாட முடிகிறது. இறுதிப் பாடலான 'சாரோ' நீண்டது, மெதுவானது. அதுவரை வேகத்தில் மறைந்திருந்த துயரம் அதில் வெளிப்படுகிறது.

வரவேற்பு

ஆல்பம் முதலில் சிறிய வட்டத்திலேயே கேட்கப்பட்டது. சிட்னியில் பதிவான நேரலை ஆல்பம் 2007-ல் வெளிவந்தது. 2014-ல் எனி அதர் சிட்டி இசைத்தட்டாக மறுவெளியீடு கண்டது. 2020-ன் இறுதியில் தொடங்கி 'த லீன்ஓவர்' பாடலின் ஒரு பகுதி டிக்டாக்கில் பரவி, ஆல்பம் வந்தபோது பிறந்தேயிராத இளைஞர்களிடமும் சென்று சேர்ந்தது.

மதிப்பீடு

குறுகிய காலம் வாழ்ந்த குழுக்களைச் சுற்றி, அவை தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஏக்கம் வளர்வதுண்டு. இந்த ஆல்பத்திற்கு அந்த ஏக்கத்தின் துணை தேவையில்லை. ஒரே முறையை எல்லாப் பாடல்களிலும் கையாள்வதால் நடுப்பகுதியில் சில பாடல்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பது இதன் குறை. சொல்லின் பொருளை விடச் சொல்லும் விதமே உணர்வைக் கடத்தும் என்பதை ராக் இசைக்குள் நிறுவிக் காட்டியது இதன் சாதனை. பாடலின் பின்னணி எதுவும் அறியாத டிக்டாக் தலைமுறை ஒரு சிறு பகுதியைக் கேட்டே அதனுடன் ஒன்றியது இதற்குச் சான்று.