தந்தி தனித்துப் பேசிய காலம்

1920களின் அமெரிக்க நடன அரங்குகளில், டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கிய வாத்தியக் குழுவின் நடுவே கிட்டார் கலைஞருக்கு வாய்த்த பணி, பெரும்பாலும் தாளத்துக்குத் துணைநிற்பதாகவே இருந்தது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்கி, வீணையின் குடம் போன்று உள்ளீடற்ற மரப்பெட்டி அதனைக் காற்றில் பரப்பினால்தான் கிட்டார் ஒலிக்கும் என்பதால், பெட்டியைப் பெரிதாக்குவதும் தந்தியை முறுக்கேற்றுவதும் அல்லாது வேறு வழி அப்போது புலப்படவில்லை. அதைவிட இடர்ப்பட்டவர்கள் ஹவாயன் கிட்டார் வாசித்தவர்கள். கருவியை மடியில் கிடத்தி, இடக்கையிலுள்ள எஃகுத் தண்டைத் தந்திகளின்மேல் வழுக்கி இசைக்கும் அம்முறையில் ஒரு சுரம் மற்றொன்றாக உருகிச் செல்லும் நயமே முதன்மையானது. நெடிய கார்வையின்றி அந்நயம் பாதியிலேயே தேய்ந்துவிடும்.

இக்குறையை நன்குணர்ந்தவர் ஜார்ஜ் பீச்சம். லாஸ் ஏஞ்சலிஸில் ஹவாயன் கிட்டார் கலைஞராக விளங்கிய அவர், பெட்டிக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகளைப் பொருத்தி ஒலியைப் பெருக்கிய நேஷனல் கிட்டார்களின் உருவாக்கத்திலும் பங்கேற்றவர். அதனோடு அமையாமல், பலகையின் நடுக்கத்தை விட்டுத் தந்தியின் அசைவையே நேரடியாக மின்சாரமாக மாற்றலாம் என்ற முடிவுக்கு அவர் வந்ததுதான் இவ்வரலாற்றின் பெருந்திருப்பம். லாட வடிவிலான இரு காந்தங்கள் தந்திகளை வளைத்து நிற்க, தந்திகளுக்குக் கீழே கம்பிச்சுருள் ஒன்று அமைந்தது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அலைவுற்று, அவ்வலைவு சுருளில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்ட, அதனை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலியாக வெளியிடும். பிக்கப் என்று இன்று வழங்கும் உறுப்பின் அடிப்படை இதுவே.

1931இல் மரத்தில் செதுக்கப்பட்ட முன்மாதிரிக்குப் பிறகு, அடால்ஃப் ரிக்கன்பாக்கரின் கூட்டுறவோடு 1932இல் அக்கருவி வார்ப்பு அலுமினியத்தில் விற்பனைக்கு வந்தது. சிறிய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட அதன் தோற்றத்தைக் கண்டோர் அதற்கு வாணலி என்றே பெயரிட்டனர். மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி விலகியது அதன் பெருங்குறை; ஆயினும் ஒலிக்கும் பெட்டி என்பதே இல்லாமல் ஒரு கிட்டார் நிறைவாக ஒலித்த அந்நிகழ்வின் துணிவு, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் வியப்பூட்டுவதாகும். 1934இல் கோரப்பட்ட காப்புரிமை பீச்சத்துக்கு 1937இல்தான் கிடைத்தது. அதற்குள் வேறு நிறுவனங்களும் களத்தில் இறங்கிவிட்டன.

அவற்றுள் மிச்சிகன் மாநிலக் கலமசூ நகரின் கிப்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ஈஎஸ்-150, மரப்பெட்டியைக் கைவிடாமல் அதன் மேற்பலகைக்கு அடியில் கனத்த காந்தப் பாளங்களைத் தாங்கியது. பிக்கப், குதிரையிலிருந்து விலகி, மெட்டுகள் பதித்த விரற்பலகையின் முனையை ஒட்டி அமைந்ததால், தந்தி அகன்று அதிரும் இடத்தின் அசைவையே அது பெரிதும் பற்றியது. ஆகவே அடிச்சுரம் திரண்டு நிற்க, அதனோடு பிறக்கும் கூரிய துணையதிர்வுகள் அடங்கி, இருண்ட, உருண்டையான ஒரு நாதம் பிறந்தது. இந்நாதத்தின் பொருளை முழுமையாக அறிந்த முதற்கலைஞர் சார்லி கிறிஸ்டியன் என்பதில் ஐயமில்லை. ஒக்லஹோமா நகரில் வளர்ந்து, 1939 ஆகஸ்டில் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த அவ்விளைஞர், சாக்ஸஃபோன் கலைஞர் மூச்சடக்கி விரிக்கும் நீண்ட வாக்கியங்களைக் கிட்டாரில் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெளிந்தும் முன்னதன் கார்வையைத் தொட்டும் எழும் அவ்வாசிப்பில், உரக்க ஒலிக்கும் ஆற்றல் கைவந்தபின்னும் உரத்த குரலை நாடாத அடக்கம் உண்டு. 1941இல் முழு வாத்தியக் குழுவோடு பதிவான ‘சோலோ ஃபிளைட்’டில், பித்தளைக் கருவிகளின் எழுச்சிக்கு நடுவே கிட்டார் சற்றும் பதறாமல் தன் வழியே செல்வதைக் கேட்பது பேரின்பம். காசநோயால் 1942 மார்ச்சில் அவர் மறைந்தபோது அகவை 25 மட்டுமே.

ஒலிபெருக்கியின் ஓசை மரப்பெட்டியை மீண்டும் அதிரவைத்து, அவ்வதிர்வு பிக்கப்புக்குள் புகுந்து ஊளையாகச் சுழலும் ஃபீட்பேக் என்னும் தொல்லை, உள்ளீடற்ற உடலை நீக்குமாறு கலைஞர்களைத் தூண்டியது. லெஸ் பால் 1940களின் தொடக்கத்தில் ஒரு பைன் கட்டையின்மேல் தந்திகளையும் பிக்கப்பையும் ஏற்றி, கிட்டாரின் தோற்றம் வேண்டி இருபுறமும் பிளந்த பெட்டியின் பாதிகளை ஒட்டவைத்தார். பால் பிக்ஸ்பி 1948இல் மெர்ல் டிராவிசுக்காகத் திண்ணுடல் கிட்டார் ஒன்றை அழகுற வடித்தார்.

வானொலி பழுதுபார்ப்பவராக இருந்து ஹவாயன் கிட்டார்களும் செய்துவந்த லியோ ஃபெண்டர், 1950இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனிலிருந்து வெளியிட்டதும், மறு ஆண்டு டெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்றதுமான கருவியில், கழுத்து நான்கு திருகாணிகளால் பலகையோடு பிணைக்கப்பட்டிருந்தது. குதிரையை ஒட்டிச் சாய்வாகப் பதிந்த அதன் பிக்கப், தந்தி குறுகி அதிரும் இடத்தைப் பற்றுவதால், கிறிஸ்டியனின் நாதத்தில் அடங்கிக் கிடந்த துணையதிர்வுகள் யாவும் இங்கே பளீரென முன்வந்து நின்றன. அவ்வொளியை ஜிம்மி பிரையன்ட் போன்ற வேகமான விரல்கள் உடனே விரும்பி ஏற்றன. பின்னர் உலகெங்கும் ஓங்கியது இவ்வொலியே எனினும், சுரத்தின் திரட்சியை நாடும் செவிக்கு ஈஎஸ்-150இன் நாதமே இன்றும் மேலானது.