சிவத்தம்பியை எந்த எழுத்தில் தேடுவது?

கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் ஒரு சட்டத்தரணிக்கு ஐம்பது வருடத்துக்கு முந்திய தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டால், வழக்காளியின் பெயரில் பாதி தெரிந்தாலே போதும். நியூ லோ ரிப்போர்ட்ஸ் தொகுதிகள் கணினியில் ஏறிவிட்டன, தேடினால் அகப்படும். அதே நகரத்தில் அதே வருடம் அச்சான ஒரு தமிழ் நூலைத் தேடியவருக்கு இந்த வசதி நெடுங்காலம் கிட்டவில்லை. நூல் இறாக்கையில் இருக்கும். நூலகக் கணினி இல்லை என்று சொல்லும். இந்த வித்தியாசம் எங்கே தொடங்கியது என்று அறிய, நம் நூலகங்களுக்குள் கணினி நுழைந்த முதற் காலத்துக்குத்தான் போகவேண்டும்.

அட்டைப் பட்டியல் காலத்தைச் சிலர் இன்று ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. ஒரு நூல் வந்தால் ஆசிரியருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஒன்றோ இரண்டோ, பதிப்பாசிரியர் இருந்தால் அவருக்கும் ஒன்று. எல்லாவற்றையும் தனித்தனியே தட்டச்சு செய்யவேண்டும். ஓர் எழுத்துப் பிழை விழுந்தால் அட்டை வேறு லாச்சிக்குப் போய்விடும். அந்த நூலும் வாசகருக்கு இல்லாமற் போய்விடும். ஆசிரியர் பெயரும் தெரியாமல், தலைப்பின் முதற் சொல்லும் தெரியாமல் வருகிறவருக்கு அந்த லாச்சிகளால் பயனே இல்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ராம் 1960களிலேயே மார்க் என்ற பதிவமைப்பை உருவாக்கினார். ஒஹாயோவில் 1971இல் நூலகங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரே பட்டியலைப் பகிரத் தொடங்கின. அவற்றுக்கெல்லாம் பெருங்கணினியும் பெரும் பணமும் வேண்டும். எங்களுக்குக் கதவைத் திறந்தது யுனெஸ்கோ 1985இல் தனியாள் கணினிக்கென வெளியிட்ட சிடிஎஸ் ஐசிஸ் மென்பொருள்தான். வளர்முக நாடுகளுக்கு அது இலவசமாகக் கிடைத்தது. சிறிய கணினியிலும் ஓடியது. இலங்கையில் விஞ்ஞான, விவசாய, மருத்துவ நூலகங்கள் அதை முதலில் கையிலெடுத்தன. பல்கலைக்கழக நூலகங்களும் தொடர்ந்தன.

அதன் பலம் பெரிது. நூல்விவரத்தை ஒருமுறை பதிந்தால் போதும். ஆசிரியர், தலைப்பு, பொருள், தலைப்பின் நடுவில் வரும் ஒரு சொல் என எந்த வழியிலும் அதைப் பிடிக்கலாம். ஒரு பொருள்பற்றிய நூல்விவரப் பட்டியல் கேட்டால் அன்றே அச்சிட்டுக் கொடுக்கலாம். இன்னொன்றையும் நான் உயர்வாக மதிக்கிறேன். பதிவில் எந்தப் புலம் (ஒரு விவரத்துக்கான இடம்) வேண்டும், எதைத் தேடுசொல்லாக்கவேண்டும் என்பதை அந்தந்த நூலகரே தீர்மானிக்க முடிந்தது. நிரலாளரைக் கேட்டுக் காத்திராமல் நூலகரே தம் கருவியை வடிவமைத்த காலம் அது.

அந்தச் சுதந்திரமே ஒரு குறையையும் கொண்டுவந்தது. ஒரு நூலகத்தில் பத்தாம் புலம் தலைப்பாக இருக்கும், மற்றதில் அதுவே ஆசிரியராக இருக்கும். பதிவுகளைப் பரிமாற ஐஎஸ்ஓ 2709 என்ற தரம் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. புலங்களை ஒன்றுபோல அமைக்க யுனெஸ்கோ 1984இலேயே ஒரு பொது அமைப்பையும் வெளியிட்டிருந்தது. அவற்றைப் பின்பற்றாத நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாக்கும் வேலை பின்னால் வந்தவர்களின் தலையில் விழுந்தது. இரவல் கொடுத்து வாங்கும் பகுதியும் ஐசிஸில் ஆயத்தமாக இல்லை. இவையெல்லாம் சகிக்கக்கூடிய குறைகள். தமிழ் நூலுக்கு நேர்ந்ததுதான் சகிக்கமுடியாதது.

அன்றைய டொஸ் இயங்குதளத்தின் திரையில் இயல்பாகத் தமிழ் வரவில்லை. ஆகவே தமிழ்த் தலைப்புகள் உரோம எழுத்தில் பதியப்பட்டன. தமிழ் ஒலிகளைப் பிரித்துக்காட்ட உரோம எழுத்தோடு இடும் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் கீழ்க்கோடும் சாதாரண விசைப்பலகையில் வராததால் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாயின. குறிலும் நெடிலும் கலந்தன. கலை, களை, கழை மூன்றும் திரையில் ஒன்றே. பேராசிரியர் கா. சிவத்தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆங்கில நூல்களில் பெயர் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையிலோ 'சி' எழுத்தில் தொடங்கும், நடுவில் இரட்டை 'டி' வரும். தமிழில் எழுதிய சிவத்தம்பியும் ஆங்கிலத்தில் எழுதிய சிவத்தம்பியும் இரண்டு ஆட்களாகிவிடும். அட்டைக் காலத்தில் 'இங்கே பார்க்க' என்றொரு சுட்டட்டை வைத்து இருவரையும் இணைத்திருப்பார்கள். அந்தச் சுட்டட்டைகளைக் கணினிக்கு மாற்றாமல் விட்ட இடங்களில், லாச்சியில் இருந்த அறிவும் போயிற்று.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், ஐசிஸின் டொஸ் பதிப்பில் தேடுசொல் ஒன்றுக்கு 30 எழுத்துதான் எல்லை. அந்தக் கலப்பைத் தவிர்க்க, ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம் என்ற தலைப்பை நம்மவர் உச்சரிப்புக்கு ஏற்ப 'டி எச்', 'இசட் எச்' எல்லாம் சேர்த்து உரோமத்தில் எழுதினால் இடைவெளியோடு 37 இடம் வேண்டும். இலக்கியம் என்ற சொல் தொடங்கி இரண்டெழுத்தோடு தேடுசொல் முறிந்துவிடும்.

பிறகு விண்டோஸ் பதிப்பும் பாமினி எழுத்துருவும் வந்தபோது திரையில் தமிழ் தெரிந்தது. உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துதான். பாமினியில் சிறிய 'எம்' அகரம், பெரிய 'எம்' ஆகாரம். ஐசிஸ் தேடுசொற்களையெல்லாம் பெரிய எழுத்துக்கு மாற்றிச் சேமிக்கும். விளைவு, அகரமும் ஆகாரமும் ஒன்றாயின. பாமினியில் மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை; ஐசிஸுக்கு அது சொல் முடியும் அடையாளம். ஆக, அம்மா என்ற சொல் நடுவில் இரண்டாக உடையும். இவற்றை ஆளும் இரண்டு அட்டவணைக் கோப்புகள் மென்பொருளோடு வந்தன. அவற்றைத் திருத்தவும் முடியும். திருத்தாத இடத்தில் தமிழ் கண்ணுக்குத் தெரிந்தது, தேடலுக்குத் தெரியவில்லை. இதை நான் மென்பொருளின் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆங்கில நூலுக்குச் சரிவந்தால் வேலை முடிந்தது என்று கருதிய திட்டமிடலின் குற்றம் இது.

எல்லாப் பழியையும் நூலகர்மேல் போடுவதும் நியாயமில்லை. 1996இல் வறட்சியால் கொழும்பிலேயே மணிக்கணக்கில் மின்வெட்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு 1990க்குப் பின் பல வருடம் தேசிய மின்வழங்கலே இல்லை. அங்கே கணினி வைப்பதைப் பற்றிப் பேசவே இடமிருக்கவில்லை.

யாழ்ப்பாணம் என்றதும் என் மனதை உறுத்துவது வேறொன்று. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எரிந்தவை எவை என்று முழுமையாகச் சொல்லும் பட்டியல் நம் கையில் இல்லை. ஒரு பதிவுக்கு 300 எழுத்து என்று கொண்டால், அத்தனை நூல்களின் விவரமும் 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகள் இருபத்தொன்றுக்குள் அடங்கும். ஒரு பைக்குள் போட்டுக் கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோகலாம். நான்கே வருடத்தில் அதற்கான மென்பொருள் வந்தது. ஆனால் நூலகக் கணினிமயத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்தைச் சுற்றியே நடந்தது. நம்மைப் போன்ற சமூகத்துக்குப் பட்டியலின் பிரதி வேறோர் ஊரில் இருப்பதுதான் முதற் பயன். அதை முதலில் வைத்திருந்தால் தமிழ்ப் பதிவின் தரத்திலும் அக்கறை வந்திருக்கும்.

அந்த வெற்றிடத்தை நூலக நிறுவனங்களுக்கு வெளியிலிருந்தவர்கள் நிரப்பவேண்டியதாயிற்று. நூலகர் என். செல்வராஜா இலண்டனிலிருந்து 2002 முதல் நூல்தேட்டம் தொகுதிகளைக் கொண்டுவந்தார். தொகுதிக்கு ஆயிரம் ஈழத்து நூல்கள், தமிழ் எழுத்திலேயே. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பட்டியலோடு நூலையே இணையத்தில் வைத்தது. இரண்டுமே தன்னார்வத்தால் எழுந்த முயற்சிகள்.

இனி, பழைய ஐசிஸ் கோப்புகளைக் கழித்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் எந்த நூல் எங்கே இருந்தது என்பதற்கு அவை சாட்சி. இன்று யுனிகோடில் இயங்கும் கோஹா போன்ற இலவச மென்பொருளுக்கு அவற்றை மாற்றமுடியும். வெளிநாட்டு நூலகங்கள் மார்க் பதிவின் 245ஆம் புலத்தில் உரோம வடிவத்தை வைத்து, தமிழ் எழுத்தை 880இல் இணைக்கின்றன. நம் நூலகங்களில் 245இல் தமிழ் இருக்கட்டும், உரோமம் 880க்குப் போகட்டும். எந்த நிரலும் இதைத் தானாகச் செய்துதராது. திரையில் இருப்பது கலையா, களையா, கழையா என்று அறிய ஒருவர் இறாக்கைக்குப் போய் நூலைத் திறந்து பார்க்கவேண்டும். தமிழ் நன்கு தெரிந்த இரண்டு பட்டியலாளருக்குச் சில வருடச் சம்பளம் ஒதுக்கினால் ஒரு நடுத்தர நூலகம் இதைச் செய்து முடிக்கலாம்.