தசைநார் நூலும் போதிதருமர் பெயரும்

காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனருக்குக் குத்துச்சண்டை கற்பித்தார் என்னும் செய்தியை நம் மாணவர் கட்டுரைகளில் பலகாலும் காண்கிறோம். 2011 இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் இதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தமிழர் பெருமை கூறும் வரியாயிற்றே என்று ஆசிரியரும் சிவப்பு மையைத் தொடுவதில்லை. சான்று கேட்டால் சிலர் ஒரு நூலின் பெயரைச் சொல்வர். ‘யீச்சின் சிங்’, அதாவது தசைநாரை மாற்றும் நூல், என்பது அது. நூலைச் சான்று காட்டுவோர் அதைத் திறந்தும் பார்த்தல் வேண்டும்.

இந்நூலுக்கு இரண்டு முன்னுரைகள் உண்டு. முதலாவது, தாங் மரபின் படைத்தலைவர் லீ சிங் 628 இல் எழுதியதாகக் காட்டப்படுகிறது. போதிதருமர் ஒன்பதாண்டு சுவரை நோக்கி அமர்ந்திருந்தார். அவருக்குப்பின் ஷாவோலின் மடத்துத் துறவியர் ஓர் இரும்புப் பெட்டியைக் கண்டனர். அதனுள் இந்திய எழுத்தில் இரு நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று கைமாறிக் கைமாறிச் ‘சுருள்தாடி வீரன்’ ஒருவனிடம் சேர, அவன் அதை லீ சிங்குக்குத் தந்தான். இதுவே அங்குச் சொல்லப்படும் வரலாறு. கேட்க இனிய கதைதான். ஆனால் அந்தச் சுருள்தாடி வீரன் மண்ணில் நடந்த மனிதன் அல்லன். தாங் காலத்தின் பிற்பகுதியில் எழுந்த ஒரு புனைகதையின் பாத்திரம். லீ சிங் இறந்ததோ 649 இல். தமக்குப் பின்னர்ப் புனையப்பட்ட ஒருவன் கையிலிருந்து அவர் நூல் பெற்றது எங்ஙனம்?

இரண்டாம் முன்னுரை இதனினும் வேடிக்கையானது. 1142 என்று நாளிட்ட இதனை எழுதியவர் யுவே ஃபெய் என்னும் புகழ்பெற்ற தளபதியின் கீழிருந்த நியூ காவ் என்பர். தாம் போர்வீரர், ஓரெழுத்தும் அறியாதவர் என்று அவரே தொடங்குகிறார். ஓரெழுத்தும் அறியாதவர் எழுதிய முன்னுரை! லிங் திங்கான் (1757–1809) என்னும் சீன அறிஞர் இம்முன்னுரைகளைப் படித்துவிட்டு, இவற்றைக் கட்டியவன் படிப்பறிவற்ற நாட்டுப்புற வாத்தியாராகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இச்சொல் சற்றே சுடும்.

நூலின் இறுதியில் 1624 என்று நாளிட்ட ஒரு பின்னுரை உள்ளது. எழுதியவர் தாவோ நெறியைச் சேர்ந்த ஒருவர்.  நூலையே ஆக்கியவர் அவராதல் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. போதிதருமர் வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் காலத்துக்கும் இந்நூலுக்கும் இடையே ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பள்ளம் கிடக்கிறது.

நூல் கூறும் பயிற்சிதான் என்ன? முதலில் வயிற்றைக் கையால் மெல்லத் தேய்த்தல், நாள் செல்லச்செல்ல மர உலக்கையாலும் கொட்டாப்புளியாலும் இடித்தல், பின்பு கூழாங்கல் நிரப்பிய பையால் உடலெங்கும் அடித்தல், இடையிடையே மருந்து. இவ்வாறு உயிர்மூச்சைத் தசைகளுக்குள் நிரப்பினால் உடல் இரும்பாகும் என்பது கொள்கை. பயிற்சி முற்றியவன் சேர்த்த விரல்களால் எருதின் வயிற்றைத் துளைக்கலாம், கைவிளிம்பால் அதன் கழுத்தைத் துணிக்கலாம் என்று நூல் ஆசை காட்டுகிறது.

இங்கே சற்று நிற்போம். போதிதருமர் போதனை என்று அறிஞர் ஏற்கும் மிகப் பழைய ஏடு, அவர் மாணாக்கர் வழியினரான தான்லின் முன்னுரையோடு வழங்கும் ‘இரு வாயில், நான்கு ஒழுக்கம்’ பற்றிய சிறு நூலே. நான்கு ஒழுக்கங்களுள் முதலாவது யாது? தனக்குத் துன்பம் நேர்ந்தால் அது தன் பழவினைப் பயன் என்றுணர்ந்து, பகை கொள்ளாது ஏற்றல். பகையைப் பொறுக்கச் சொன்ன வாய் எருதின் கழுத்தைத் துணிக்கும் வித்தையையும் சொன்னது என்று நம்புவதற்கு மிக வலிய சான்று வேண்டும். நமக்குக் கிடைத்திருப்பதோ அந்த இரண்டு முன்னுரைகள்.

அவர் ஊரைப் பற்றியும் பழைய சான்றுகள் ஒத்துப் பேசவில்லை. 547 ஐ ஒட்டி லுவோயாங் நகரின் மடங்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்சீ அவரைப் பாரசீகர் என்கிறார். தான்லின் தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறார். 1004 இல் எழுந்த சான் நெறியின் வரலாற்று நூல் அவ்வரசனுக்குத் தரும் பெயரைக் காஞ்சி என்று படிப்போர் உண்டு, அது ஊகமே. தென்னாட்டவர் என்பதற்கு நல்ல இடம் இருக்கிறது. அதற்கு மேல் அடி எடுத்து வைக்க வழியில்லை.

ஷாவோலின் துறவியர் போர் செய்தது மெய். ஆனால் அம்மடம் 495 ஐ ஒட்டி நிறுவப்பட்டது போதிதருமருக்காக அன்று. பாத்துவோ என்னும் மற்றோர் இந்தியத் துறவிக்காக. 621 இல் அம்மடத்தார் பின்னாளில் பேரரசரான லீ ஷிமினுக்கு உதவிப் போரிட்டனர். 13 துறவியர் சிறப்புப் பெற்றனர். மடத்துக்கு நிலம் இருந்தது. நிலம் இருந்தால் காவல் வேண்டும். 728 இல் நாட்டிய கல்வெட்டு அப்போரைப் பேசுகிறது. போர்க்கலையைப் போதிதருமர் கற்பித்தார் என்று பேசவில்லை. மிங் காலத்தில் அவர்கள் பேர்பெற்றது கைச்சண்டையில் அன்று, சிலம்பத்தை ஒத்த கோலாட்டத்தில். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோற்கலையை விரித்தெழுதிய செங் சோங்யூ, மடத்தார் அதன் மூலவனாக ஒரு கின்னர அரசனைக் கூறுவதாகச் சொல்கிறார். மடத்தாருக்கே நினைவில்லாத குருவை நாம் நினைவூட்டுவது பொருந்துமா? போதிதருமரையும் குத்துக்கலையையும் ஊரறியப் பிணைத்தவை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புனைகதையும் மலிவு நூல்களுமே. 1930 இல் தாங் ஹாவ் என்னும் சீன ஆய்வாளர் இதனைச் சான்றோடு மறுத்தார். அண்டை வீட்டுச் சீனர் தம் கதையைத் தாமே ஆராய்ந்து களைந்திருக்க, களைந்ததை எடுத்து நாம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அவர்கள் முன்னோர் பல தலைமுறை வியர்வை சிந்தி வளர்த்த கலையை நம் கொடை என்று சொல்வதில் நேர்மைக் குறையும் உண்டு.

பௌத்தத் துறவியர் உடலைப் பேணவே இல்லை என்று எவரும் கொள்ளவேண்டா. முன்னும் பின்னுமாக உலாவுதலைப் புத்தரே பயன் கூறிப் பாராட்டியதாகப் பாலி நூல் சொல்கிறது: வழிநடைக்குத் தாங்கும் வலிமை, நோயின்மை, செரிமானம், நிலைத்த மனவொருமை. 671 இல் காண்டனிலிருந்து கப்பலேறி, ஸ்ரீவிஜயத்திலும் நம் கடாரத்திலும் தங்கி இந்தியா சென்ற இத்சிங், அங்குத் துறவியர் உலாவுதற்கென்று செங்கல்லால் கட்டிய பாதைகளைக் கண்டு எழுதியிருக்கிறார். பௌத்த உடற்பயிற்சி என்று மாணவருக்குச் சொல்ல விரும்புவோர்க்கு இது ஐயமற்ற செய்தி. கடாரத்தின் பெயரும் உடன் வருகிறது.

தசைநார் நூலில் இந்தியத் தொடர்பு அறவே இல்லையோ எனின், ஒன்று உண்டு. பிற்காலப் பதிப்புகளில் சேர்ந்த பன்னிரண்டு நிலைகளுள் முதல் மூன்றும் ‘வெய்துவோ உலக்கையை அளித்தல்’ எனப் பெயர் பெறுவன. சீன பௌத்தக் கோயில்களில் கவசம் பூண்டு காவல் நிற்கும் இளைய வீரனே வெய்துவோ. ஸ்கந்தன் என்னும் வடசொல்லைச் சீன எழுத்தில் பெயர்த்து, படியெடுத்தோர் கைப்பிழையால் திரிந்த பெயர் அது என்பர் மொழியறிஞர். அவன் கையில் இருப்பது மட்டும் வேல் அன்று, வச்சிரம்.