கேட்கும் முகம்: டி. எஸ். பாலையாவின் நடிப்புக் கலை

கதைத் தலைவனுக்குரிய காதலும் சண்டையும் தமக்கு இல்லாமல், தந்தையாக, மாமனாக, பண்ணையாராக, பகைவனாகப் படத்துக்குப் படம் வேறொரு மனிதராக வந்து போகும் நடிகரைக் குணச்சித்திர நடிகர் என்று அழைப்பது தமிழ்த் திரையுலக வழக்கு. ஆங்கில மேடை பயிற்றித் திரைக்கு அனுப்பிய இத்தகைய நடிகர்களுள் அலெக் கின்னஸ் 1949இல் வெளிவந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டு உறுப்பினர்களாகத் தோன்றி, ஒப்பனைக்குள் தம்மைக் கரைத்துக்கொள்ளும் திறத்துக்கு ஓர் அளவுகோலாகவே நிலைத்துவிட்டார். டி. எஸ். பாலையாவின் வழி வேறு. ஏறத்தாழ 36 ஆண்டுகள் நீண்ட திரைவாழ்வில் அவர் தம் முகத்தை ஒளிக்க முயன்றதாகவே தெரியவில்லை. அதே அகன்ற முகமும் உருட்டி விழிக்கும் அதே கண்களும் அடித்தொண்டையில் தொடங்கிக் கீச்சுக் குரலில் முடியும் அதே பேச்சும் எல்லாப் படங்களிலும் உண்டு. ஆயினும் அவர் ஏற்ற வேடங்களான ஹேமநாத பாகவதரையும் எஸ்டேட் முதலாளி விசுவநாதனையும் தவில்காரர் முத்துராக்குவையும் ஒருவரோடொருவர் குழப்பிக்கொண்ட ரசிகர் எவரும் இருக்க முடியாது. ஒரே முகம் இத்தனை மனிதர்களைத் தாங்கியது எப்படி என்பதற்கு விடை, அவர் பேசிய விதத்தைவிடப் பிறர் பேசுவதைக் கேட்ட விதத்தில் இருக்கிறது.

இந்தக் கலையை மலேசியாவின் சிரம்பான் வட்டாரத்திலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. லாபு, மந்தின், ரந்தாவ், லிங்கி, பகாவ் எனப் பரந்து கிடந்த நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போன மக்களுக்கு, திடலில் இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிய வெள்ளைத் துணியே நெடுங்காலம் திரையரங்காக இருந்தது. முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் அமர்ந்து, எழுத்துகள் தலைகீழ் வரிசையில் ஓட, இடக்கை வலக்கையாகத் தெரிந்த நடிகர்களைப் பார்த்தனர். ஒலிபெருக்கியின் கரகரப்பில் வசனத்தில் பாதி காற்றோடு போகும் இடத்தில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் புரிந்துவிடும் முகம் எவ்வளவு பெரிய சொத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாலையா நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவர். சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டு, அவர்களுக்குச் சோறும் தங்குமிடமும் தந்து, பாட்டும் வசனமும் மனப்பாடமாகும்வரை பயிற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்ற குழுக்களை மக்கள் பாய்ஸ் கம்பெனி என்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இம்மரபின் புகழ்பெற்ற ஊற்றுகளுள் ஒன்று. ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரலை எட்டச் செய்யும் பழக்கம் அந்த மேடை தந்த முதல் பாடம் என்றால், இரண்டாவது பாடம் அதனினும் நுட்பமானது. மேடையில் அண்மைக் காட்சி கிடையாது. ஒருவர் பேசும்போது மற்றவர்களும் பார்வையாளர் கண்ணெதிரே நின்றுகொண்டே இருக்கிறார்கள். பேசாத நேரத்தில் மரமாக நிற்பவன் காட்சியைக் கெடுக்கிறான், அளவுக்கு மீறி அசைபவன் அடுத்தவன் வசனத்தைத் தின்றுவிடுகிறான். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோட்டில் நிற்கக் கற்றவர்களுள் பாலையா தலையாயவர்.

அவருடைய முதல் படமான ‘சதி லீலாவதி’ 1936இல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் வெளிவந்தது, எம்.ஜி.ஆர்., என். எஸ். கிருஷ்ணன் ஆகியோருக்கும் அதுவே முதல் படம். எஸ். எஸ். வாசன் எழுதிய அக்கதையில் தலைவன் குடிக்கு அடிமையாகி, கொலை செய்துவிட்டதாக அஞ்சி, இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழல்கிறான். அவனைக் கெடுக்கும் ராமநாதன் வேடம் பாலையாவுக்கு வாய்த்தது. பயிற்சியற்ற தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதற்கு இந்திய அரசு 1938இல் தடை விதித்ததை நினைத்தால், கப்பலேறும் கூட்டம் இன்னும் ஓயாத நாளில் தோட்ட வாழ்வைத் தொட்டுக் காட்டிய படம் அது என்பது விளங்கும். படச்சுருள் எஞ்சாமல் போனது தமிழ்த் திரை வரலாற்றுக்கு மட்டுமன்றித் தோட்ட வரலாற்றுக்கும் நேர்ந்த இழப்பே.

தொடர்ந்த இருபது ஆண்டுகளில் பாலையா பெரும்பாலும் வில்லனாகவே அறியப்பட்டார். ‘ராஜகுமாரி’ (1947), ‘மதுரை வீரன்’ (1956) போன்ற படங்களில் எம்.ஜி.ஆரை எதிர்த்து நின்றவர் அவர்தாம். இடையே அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் (1949) பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனுக்கு அறிவுரை கூறும் நண்பன் மணியாக வந்தது, வில்லன் சட்டையைக் கழற்றினாலும் அவரால் திரையை நிரப்ப முடியும் என்பதற்குச் சான்றாயிற்று. ‘தூக்குத் தூக்கி’யில் (1954) வடநாட்டுச் சேட்டாகக் கொச்சைத் தமிழ் பேசி அவர் எழுப்பிய சிரிப்பு அக்காலத்தில் பெரிதும் ரசிக்கப்பட்டது, வேற்று மொழியாளரின் நாக்கைக் கேலி செய்யும் அந்த வகை நகைச்சுவை இன்று பழசாகிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

‘பாகப்பிரிவினை’ (1959) திருப்புமுனை. கூட்டுக் குடும்பம் உடைவதைச் சொல்லும் இப்படத்தில் பாலையா மூத்தவராகவும் எஸ். வி. சுப்பையா இளையவராகவும் நடித்தனர். கலகம் மூட்ட வருபவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய எம். ஆர். ராதா என்பது மலாயாத் தமிழர் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பை வரவழைத்திருக்கக்கூடும். மலாயாவிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் இப்படியே துண்டு துண்டாகக் கைமாறி, தொழிலாளர் வேலையும் வீடும் இழக்கலான காலம் அது. அதற்கு விடையாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். படத்தில், மனைவியின் சொல்லுக்கும் தம்பி மீதுள்ள பாசத்துக்கும் நடுவே, முற்றத்தில் சுவர் எழுவதைத் தடுக்கவும் முடியாமல் மனமொப்பவும் முடியாமல் நிற்கும் அண்ணனாகப் பாலையா காட்டிய தளர்ச்சி, வில்லன் வேடங்களில் ஒருநாளும் வெளிப்படாத ஒன்று.

அடுத்த பத்தாண்டே அவருடைய பொற்காலம். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் அவர் சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடுவதும், அந்த அசோக் வேடத்தில் அறிமுகமான ரவிச்சந்திரன் மலாயாவில் பிறந்தவர் என்பதும் தோட்ட மக்களுக்கு இப்படத்தின் மீது தனி உரிமை தந்தன. எந்தத் துரையின் பங்களா வாசலிலும் நினைத்தும் பார்க்க முடியாத காட்சி, வண்ணப் படத்தில், சிரிப்போடு நடந்தேறியது.

அப்படத்தில் பாலையாவின் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தாம் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சியைப் பற்றிப் பேசாத தமிழர் குறைவு. பேசுவோர் பெரும்பாலும் நாகேஷின் கைகளையும் வாயால் எழுப்பும் ஒலிகளையுமே நினைவுகூர்கின்றனர். ஆனால் கதை என்று அங்கே ஒன்றுமில்லை. இருட்டு, காலடி ஓசை, கதவின் கிறீச்சொலி என்ற உதிரித் துணுக்குகளே உள்ளன. அவற்றைக் கோத்து அச்சமாக்குவது கேட்பவரின் முகம். முதலில் மகனுடைய பைத்தியக்காரத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும் பணக்காரத் தந்தையின் அலட்சியம் தெரிகிறது. பிறகு தம்மையறியாமல் முன்னே சாயும் உடல். அடுத்து, பயந்துவிட்டதை மகன் கண்டுகொள்வானோ என்ற கூச்சம். கடைசியில் அந்தக் கூச்சமும் கரைந்து, குழந்தையின் கலப்பற்ற நடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. அச்சத்தைக் காட்டுவது எளிது. அச்சத்தை ஒளிக்க முயன்று தோற்கும் பெரிய மனிதரைக் காட்டுவது மிகக் கடினம். நாகேஷ் இங்கே ஓவியர் என்றால் பாலையா சுவர்; சித்திரம் விழுந்த இடம் அந்தச் சுவர்தான்.

மறு ஆண்டில் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வந்தது. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலமாக அமைந்த கதையே இதன் ஒரு பகுதி. வடக்கிலிருந்து வந்து பாண்டிய அவையை இசையால் மிரட்டும் ஹேமநாத பாகவதராகப் பாலையா, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைக்கிறார். மாண்டு ராகத்தில் தொடங்கித் தோடி, தர்பார், மோகனம், கானடா எனத் தொடரும் அந்த ராகமாலிகை, அதாவது பல ராகங்களை மாலையாகத் தொடுத்த பாட்டு, முறையாகக் கற்ற வித்துவானின் சாரீரத்தில் பிறந்தது. அதை ஏற்ற முகமோ தன் பாட்டைத் தானே ரசித்துத் தலையாட்டுகிறது. அவையோரைக் கடைக்கண்ணால் அளக்கும் பார்வையும் சீடர்கள் பக்கம் திரும்பும் மிதப்பும் சேர்ந்து செருக்கை அதன் எல்லாச் சுருதிகளிலும் காட்டுகின்றன. எனினும் வேடத்தின் உயிர் இந்தப் பாட்டில் இல்லை. இரவில் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து விறகுவெட்டியாக வந்த சிவன் எழுப்பும் பாட்டைக் கேட்டு, அவன் போட்டியில் தன்னை எதிர்கொள்ள வேண்டிய பாணபத்திரரால் சீடனாகக்கூட ஏற்கப்படாதவன் என்று அறியும் நொடியில், உலகத்தையே வென்றுவிட்டதாக நம்பியவன் உள்ளுக்குள் சரிகிறான். மீண்டும் கேட்கும் முகம். ‘காதலிக்க நேரமில்லை’யில் கேட்டல் சிரிப்பாயிற்று; இங்கே அதே கேட்டல் ஒரு மனிதனின் அகந்தையை ஓசையின்றி இடித்துத் தள்ளுகிறது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் முத்துராக்குவுக்கோ கேட்பதே தொழில். தவில் என்பது இருபுறமும் தோல் கட்டிய பீப்பாய் வடிவ முழவு; ஒரு முகத்தைக் கழியாலும் மறு முகத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் அடிப்பர். நாகசுரக்காரர் எங்கே போகிறார் என்பதைக் காதால் முன்கூட்டியே பிடித்து அடிக்க வேண்டிய பக்கவாத்தியம் அது. பாலையா அதைத் தவிலில் மட்டும் செய்யவில்லை. சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி கணேசனின் கோபமும் முரண்டும் எழுமுன்பே அவற்றை உணர்ந்து, தட்ட வேண்டிய இடத்தில் தட்டியும் அடக்க வேண்டிய இடத்தில் அடக்கியும் தனி வாழ்விலும் பக்கவாத்தியமாகவே நிற்கிறார். சிவாஜியின் பெருநடிப்பு எதிரில் நிற்பவரை விழுங்கிவிடும் இயல்புடையது. அதோடு மல்லுக்கட்டாமலும் அதில் கரையாமலும் நின்ற மிகச் சிலருள் இவர் ஒருவர்.

எல்லாப் படங்களிலும் இந்த உயரம் இருந்ததாகக் கூறுவது மிகை. ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’ (இரண்டும் 1967) போன்றவற்றில் அவர் இன்பமளிக்கிறார். ஆயினும் அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த பல படங்கள் அவரிடம் அவருக்கே உரிய திணறலையும் இழுவைச் சிரிப்பையும் மட்டுமே கேட்டு வாங்கி, ஆளை வீணடித்தன. 1972இல் பாலையா மறைந்தார். அவர் மகன் ஜூனியர் பாலையாவும் திரையில் நெடுங்காலம் நடித்து 2023இல் காலமானார்.

சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் பின்னர்த் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. படம் காட்டிய திடல்களில் கடைவீடுகள் எழுந்துள்ளன. படங்கள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. செல்லப்பா கதை சொல்லும் காட்சியை அடுத்த முறை பார்க்கும் வாசகர், ஒரு தடவையேனும் ஒலியை நிறுத்திவிட்டு, நாகேஷை மறந்து, இருக்கையில் அமர்ந்திருப்பவரை மட்டும் பார்க்க வேண்டும்.